உதவி கொடுத்தும் சிலர் எழாமல் போவது ஏன்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். கிராமங்களில் பெண்களுக்கான சேமிப்புக் குழு, சிறுகடன், ஆடு வளர்க்க உதவி என்று வேலை செய்யும் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஒரே உதவியை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஓரளவு தேறிவிடுகிறார்கள். சிலர் மட்டும் தேறுவதே இல்லை. கூட்டத்துக்கு வருவதில்லை, வாங்கிக் கொடுத்த ஆட்டை விற்றுவிடுகிறார்கள், தவணை நின்றுபோகிறது. எங்களில் சிலர் அதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். சிலர் இது மனநலப் பிரச்சினை, கவுன்சலிங் ஏற்பாடு செய்யலாம் என்கிறார்கள். வயிறு காய்பவரிடம் போய் மனசைப் பற்றிப் பேசுவது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிதி குறைவு, பக்கத்தில் மனநல மருத்துவரும் கிடையாது. முதலில் எதைச் செய்வது? இன்னொன்று, குழுவில் ஒரு அக்கா ரொம்ப நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "இருந்து என்ன ஆகப்போகுது" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். அவர் விஷயத்தில் என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம். கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே அந்த அக்கா, அவரிடமிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இன்றைக்கே போங்கள். நீங்களோ, அவருக்குப் பிடித்த குழுத் தோழியோ போகட்டும், தவணை வசூலிக்கிற ஆள் மட்டும் வேண்டாம். தனியாக உட்கார்ந்து, எப்படி இருக்கிறார், தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பேசிவிட்டு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா அக்கா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோன்றுகிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், வண்டிச் செலவை நிறுவனம் ஏற்கட்டும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை உடனே வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உலக அளவில் தற்கொலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பூச்சிமருந்தால் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது, 1990-களின் நடுப்பகுதியிலிருந்து பார்த்தால் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அங்கே யாருடைய கஷ்டமும் மாயமாக மறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை கொடிய விஷம் இல்லாததால் அந்த மோசமான நேரத்தைப் பலர் உயிரோடு கடந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம், கிளம்பும் முன் அவருடைய தவணையை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் கொடுத்த கடன் அவர் தலைக்குள் எத்தனை முறை சுற்றிக்கொண்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியாது.

சரி, இப்போது சோம்பேறித்தனத்துக்கு வருவோம். எனக்கு இந்தச் சொல் பிடிக்காது, அதற்குக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வு வந்தவர் ஆட்டை எப்படி விற்கிறார் என்று பக்கத்திலிருந்து பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. ஆடு கத்துகிறது, தழை ஒடித்துப் போட வேண்டும், எழுந்திருக்க உடம்பு வரவில்லை. அரிவாள் எங்கே வைத்தோம் என்பது நினைவுக்கு வரவில்லை, தேடுவதற்குள் அழுகை வந்துவிடுகிறது. ஆடு இளைக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க, ஒரு ஆட்டைக்கூட வளர்க்க முடியாத ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். பக்கத்துத் தெருக்காரர் ஏதோ ஒரு விலை சொல்கிறார். விலை பேசவும் தெம்பில்லை, கொடுத்துவிடுகிறார். கொடுத்த பிறகு குழுவில் உள்ளவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கூட்டத்துக்கு வருவது நிற்கிறது. நீங்கள் பதிவேட்டில் 'வரவில்லை, தவணை பாக்கி' என்று எழுதுகிறீர்கள். இந்த நோய் முதலில் பிடுங்குவது முடிவெடுக்கும் தெம்பை. நீங்கள் கொடுக்கிற உதவியோ, ஆடாகட்டும் தையல் இயந்திரமாகட்டும், ஒரு நாளைக்குப் பத்து முடிவு எடுக்கிறவருக்குத்தான் பலன் தரும்.

இப்படிப்பட்டவர் உங்களிடம் வந்து எனக்கு மனச்சோர்வு என்று சொல்லப்போவதில்லை. உடம்பு அசதி, தலை பாரம், நெஞ்சு படபடப்பு, எதிலும் மனசு ஒட்டவில்லை என்பார். வலி மாத்திரையும் சத்து ஊசியும் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருப்பார். நோயைச் சரியாக அடையாளம் கண்டால் அந்தக் காசாவது மிஞ்சும்.

முதலில் பணமா மனசா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு, ஆனால் கருத்துக்கு முன் ஆய்வுகள் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை.

ஓர் ஊரில் மிக ஏழையாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அங்குள்ள வசதியானவர்களை விட ஒன்றரை முதல் மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு விரிவான தொகுப்பாய்வு சொல்கிறது. காரண காரியம் இரண்டு பக்கமும் ஓடுகிறது, வறுமை நோயைக் கொண்டுவருகிறது, நோய் வறுமையைக் கொண்டுவருகிறது. இந்தோனேசியாவில் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பண உதவி கொடுத்த பகுதிகளில் தற்கொலைகள் 18 சதவீதம் குறைந்தன. அந்தத் திட்டத்தில் மனநலத்துக்கென்று எதுவும் செய்யவில்லை. ஆக, "வயிறு காய்பவரிடம்" என்று நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில், வீடு வீடாகப் போகும் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளிடம் வழக்கமான வருகையோடு சேர்த்தே பேச வைத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மீதி இருந்தது, இந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 சதவீதம். அது 2008-ல் வெளியானது. ஏழு வருடம் கழித்து அதே பெண்களைப் போய்ப் பார்த்தபோது, வீட்டுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில் அவர்கள் சொல் கூடுதலாகச் செல்லுபடியானது. ஒரு பைசா கொடுக்காமல் செய்த வேலை பணத்தின் மேல் அவர்களுக்குப் பிடியைக் கொடுத்திருக்கிறது. இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கென்யாவில் வேறு மாதிரி ஆனது. கிராமத்து மக்களில் ஒரு பகுதியினருக்குப் பணம், ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரப் பேச்சு சிகிச்சை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பணம் வாங்கியவர்களுக்கு வருமானமும் மனநிலையும் மேம்பட்டிருந்தன, பேச்சு மட்டும் கிடைத்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை, இரண்டும் கிடைத்தவர்கள் பணம் மட்டும் வாங்கியவர்களைப் போலவே இருந்தார்கள். இதைக் காட்டி மனநல வேலை வீண் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தச் சிகிச்சை மனத்துன்பத்தில் இருப்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது, அங்கே அது பொதுவாக ஏழைகளாக இருந்த எல்லோருக்கும் போனது. நல்லாயிருக்கிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சிகிச்சை கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஏழையாக இருப்பது நோய் இல்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது கவலைப்படுவது மனசு சரியாக வேலை செய்கிறது என்பதற்குத்தான் அடையாளம்.

நைஜர் நாட்டில் அரசே நடத்திய பண உதவித் திட்டத்தில் பெண்களுக்குச் சேமிப்புக் குழுவும் பயிற்சியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, ஒரு பிரிவுக்கு மொத்தமாக ஒரு தொகை, ஒரு பிரிவுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஊர்க்கூட்டமும், ஒரு பிரிவுக்கு எல்லாமும் என்று கொடுத்தார்கள். மூன்றுமே பலன் தந்தன. செலவைக் கணக்குப் பார்த்தபோது மனசையும் ஊரையும் சேர்த்துத் தொட்ட பிரிவுகள்தான் முன்னால் நின்றன, அந்த முடிவு 2022-ல் நேச்சர் இதழில் வந்தது. அங்கே யாரும் அந்தப் பெண்களை நோயாளி என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே என் பதில், எது முதலில் என்று பார்க்காதீர்கள், இரண்டையும் ஒரே வாசல் வழியாகக் கொண்டுபோங்கள். அந்த வாசல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, சேமிப்புக் குழுக் கூட்டம். புதிதாக 'மனநல முகாம்' என்று பந்தல் போட்டால் நீங்கள் தேடுகிற ஆள் அங்கே வரமாட்டார், வந்தால் ஊர் பேசும். சேமிப்புக் கூட்டத்துக்கு வருவதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

கூட்டத்துக்குத் தொடர்ந்து சில முறை வராதவர், திடீரென்று தவணை நின்றவர், கொடுத்த பொருளை அவசரமாக விற்றவர், இவர்களைக் கடனாளிப் பட்டியலில் சேர்க்கும் முன் வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பது என்று ஒரு விதி வையுங்கள். உங்களுடைய தவணைப் பதிவேடு நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக ஆகிவிடும், இதற்குத் தனிச் செலவு கிடையாது. போகிறவர் இரண்டு கேள்வி கேட்டால் போதும். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்துபோய், நம்பிக்கையே இல்லாமல் இருக்கிறதா? முன்பு பிடித்த விஷயங்களில் இப்போது ஆர்வம் இல்லையா? பெரும்பாலான நாட்கள் அப்படி என்றால் மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 என்ற படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு, அதை நிரப்பி ஒரு நர்ஸிடமோ மருத்துவரிடமோ காட்டலாம். மனநல மருத்துவர் கிடைக்காத இடங்களில் பொது மருத்துவர்களும் நர்ஸ்களும் என்ன செய்யலாம் என்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் எம்எச்கேப் என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது, உங்கள் பக்கத்து மருத்துவர் அதைப் பார்த்திருக்காவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் வசூலிக்கிறவரும் மனசைக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. ஆள் குறைவு, ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிறுவனங்கள் முடிவெடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரிடம் பணம் பாக்கி இருக்கிறதோ அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொன்னால் அடுத்த கடன் கிடைக்காது என்று பயப்படுவார்கள். மனசு விட்டுச் சொன்னது எதுவும் கடன் கோப்புக்குள் போகக் கூடாது. பேச்சுக்குழுவுக்கு வந்தால்தான் உதவி என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வருவார்கள், நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

யார் பேசுவது? படித்த கவுன்சலர் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். உகாண்டாவின் தென்மேற்குக் கிராமங்களில் மனநலப் பின்னணி எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்கள் இரண்டு வாரப் பயிற்சி எடுத்து, மனச்சோர்வு இருந்தவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, வாரம் ஒருமுறை வீதம் 16 வாரம் பேச்சு சிகிச்சை நடத்தினார்கள். தொடங்கும்போது 86 சதவீதம் பேருக்கு இருந்த நோய் முடிவில் 6.5 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது, குழு இல்லாத கிராமங்களில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தார்கள். 2003-ல் வந்த ஆய்வு அது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேச மருத்துவமனை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தது ஓரளவு எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அதில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு, பெஞ்சில் பேசி முடித்த பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பழைய பிளாஸ்டிக்கில் பைகள் பின்னுகிறார்கள், பின்னிக்கொண்டே பேசுகிறார்கள், பை விற்று வருமானமும் வருகிறது. உங்கள் குழுவும் அதைத்தான் பாதி செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் பெஞ்சில் பேசுவதும் பெரிய தத்துவம் இல்லை. இருக்கிற பிரச்சினைகளையெல்லாம் சொல்லச் சொல்வது, அதில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்ன காரியத்தை முடிவுசெய்வது, அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பது. ஆனால் பேசுகிறவரை மேற்பார்வை இல்லாமல் விடக் கூடாது. வாரம் ஒருமுறையாவது, போனிலாவது, விஷயம் தெரிந்த ஒருவரிடம் அவர் தான் கேட்டதை இறக்கி வைக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்குங்கள், வேறு எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள். இல்லாவிட்டால் சில மாதங்களில் நீங்கள் வீடு தேடிப் போகவேண்டிய ஆளாக அவரே ஆகிவிடுவார்.

இதுவரை சொன்னது மனச்சோர்வு, பதற்றம் பற்றி. உங்கள் கடிதத்தில் வராதவர்கள் சிலரும் அந்தக் கிராமங்களில் இருப்பார்கள், தனக்குத்தானே பேசுகிற அண்ணன், அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட மகன், வலிப்பு வரும் பெண் பிள்ளை. இவர்கள் எந்தக் குழுவிலும் இருக்கமாட்டார்கள், ஆகவே எந்த உதவிப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். பேச்சு மட்டும் இவர்களுக்குப் போதாது, மருந்து வேண்டும். மருந்து பெரும்பாலும் விலை குறைவானதுதான், அதை வாங்கப் போகிற செலவுதான் அதிகம். பஸ், ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலி, அங்கே போனால் மருந்து இருப்பு இல்லை, அடுத்த வாரம் வா. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை யாரும் போகமாட்டார்கள், அதைத்தான் நாம் நோயாளி மருந்தை நிறுத்திவிட்டார் என்று எழுதுகிறோம். உங்களிடம் இருக்கும் கொஞ்ச நிதியை நான் இங்கேதான் முதலில் போடச் சொல்வேன், போக்குவரத்துக்கும், மருந்து தீர்ந்துபோகாமல் கிராமத்துக்குப் பக்கத்திலேயே கிடைப்பதற்கும்.

மருந்து சாப்பிடுபவருக்கு வேலை ஏற்பாடு செய்யும்போது மருத்துவரிடம் அந்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். பகலில் தூக்கம் வருகிறது, களை எடுக்க முடியவில்லை என்று மருந்தை விடுகிறவர்கள் ஏராளம், பல மருந்துகளை இரவுக்கு மாற்றிக்கொடுக்க முடியும், மருத்துவரைக் கேட்க வேண்டும். லித்தியம் என்று மனநிலையைச் சமநிலையில் வைக்கும் ஒரு மருந்து உண்டு, அதைச் சாப்பிடுபவர் வெயிலில் வேர்க்க வேர்க்க வேலை செய்து தண்ணீர் போதாமல் போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது இருந்தால் உடனே மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை செய்ய வழியில்லாத ஊரில் அந்த மருந்தே வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வலிப்பு கட்டுக்குள் வராதவருக்கு அடுப்படி வேலையோ கிணற்றுப் பக்கம் போகிற வேலையோ வேண்டாம்.

முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் தொழில் பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2000-ல் கிறிஸ் அண்டர்ஹில் தொடங்கிய பேசிக்நீட்ஸ் என்ற அமைப்பு கானா, கென்யா, இந்தியா உட்படப் பல நாடுகளில் சிகிச்சையையும் பிழைப்பையும் ஒன்றாகவே நடத்தியது, மனநோயும் வலிப்பும் உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் சேர்த்தே சுய உதவிக் குழுக்களாக்கியது. அந்தக் கடைசி விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக மகனை விட்டு நகர முடியாத அம்மாவுக்கு வீட்டிலிருந்தே செய்கிற ஒரு தொழிலும், வாரத்தில் ஒரு அரை நாள் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கிடைத்தால் அந்த வீட்டில் என்ன மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மகனுக்கு முதலில் கால் மணி நேர வேலை கொடுங்கள், ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பது போல. பிறகு கூட்டலாம். கடன் மட்டும் இந்தக் குடும்பத்துக்குத் தொடக்கத்தில் வேண்டாம், திருப்பிக் கேட்காத உதவியாக இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த முறை நோய் தலைதூக்கும்போது தவணையும் சேர்ந்து வந்து நிற்கக் கூடாது. மற்றவர்களின் கடன் ஒப்பந்தத்திலும் நோய் வந்தால் அபராதமில்லாமல் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நிதி தருகிறவர்கள் கணக்குக் கேட்பார்கள். எத்தனை பேருக்குக் கவுன்சலிங் கொடுத்தோம் என்ற எண்ணைக் கொடுக்காதீர்கள், அது எதையும் சொல்லாது. மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனார், மருந்து எத்தனை நாள் கையில் இல்லை, கூட்டத்துக்குத் திரும்பி வந்தாரா, பிஎச்கியூ எண் எவ்வளவு, வட்டிக்காரரிடம் புதுக் கடன் வாங்கினாரா, இவற்றைத் தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் ஒவ்வொருவருக்கும் எழுதி வையுங்கள். முதலில் ஒரு கிராமத்தில் மட்டும், ஏற்கெனவே பின்தங்கியவர்களிடம் மட்டும் செய்து பாருங்கள். அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்ததும், மற்றதற்கெல்லாம் முன், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.